தரிசாகக் கிடக்கும் வானம்

(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை, படிப்போருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)



மேடையிலே இந்தப் பேச்சை நான் தொடங்கியபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "காற்றைப் பற்றியா பேச வந்தாய், தம்பி?" என்று கேட்டார். "காற்றைப் போலவே கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி ஐயா! கண்ணுக்குத் தெரியும் நிலத்துக்கு வேலி போட்டவர்களைப் பற்றி எவ்வளவோ பேசிவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத நிலம் ஒன்று நம் தலைக்கு மேலே கிடக்கிறது. அதற்கும் வேலி உண்டு, அதிலும் தரிசு உண்டு" என்றேன். பெரியவர் அமர்ந்தார், கடைசிவரை கேட்டார். கூட்டத்துக்கு வர இயலாத உங்களுக்காக அன்று பேசியதை இங்கே எழுதுகிறேன்.

நான் நாடகக்காரன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். பொறியாளர்கள் பேசவேண்டிய பொருளை நான் ஏன் எடுத்தேன்? அதற்கும் ஒரு நாடகமே காரணம்.

சிற்றூர் ஒன்றின் திடலிலே எங்கள் நாடகம். அரசவைக் காட்சி. மன்னன் அரியணையிலே! படைத்தலைவன் வாளை உருவியபடி! மன்னன் இடிபோல் முழங்குகிறான்: "அமைச்சரே! எதிரியின் படை எங்கே நிற்கிறது?" அமைச்சர் வாய் திறக்குமுன் ஒலிபெருக்கி பதில் சொல்லிற்று: "மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு வரவும்!"

திடலே சிரிப்பிலே மூழ்கியது. மன்னனும் சிரித்துவிட்டான். எதிர்த்தெருத் திருமண மண்டபத்திலும் கம்பியில்லா மைக். எங்கள் மேடையிலும் கம்பியில்லா மைக். இரண்டும் ஒரே அலைவரிசை! எங்கள் வீரவசனம் அங்கே பந்தியிலே ஒலித்திருக்கும். அவர்களுடைய பந்தி இங்கே போர்க்களத்திலே பரிமாறப்பட்டது. நாங்கள் கையைப் பிசைந்து நின்றோம். மைக்செட்காரர் மட்டும் பதறவில்லை. பெட்டியருகே குனிந்தார், சிறு குமிழ் ஒன்றைத் திருகினார். மன்னன் மன்னனானான், பந்தி பந்தியாயிற்று. அங்கே கல்யாணமும் நடந்தது, இங்கே போரும் நடந்தது! ஒருவருக்கு ஒருவர் இடையூறு இல்லை.

அன்று இரவு நான் உறங்கவில்லை தோழர்களே! ஒரே காற்றுவெளி. இருவருக்கும் அதிலே இடம் இருந்தது. இடம் இல்லாததால் அல்ல, பகுத்துக்கொள்ளத் தெரியாததால் வந்த குழப்பம் அது. இந்த ஒரு குமிழிலே அறிவியலும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

வானொலி பேசுவதும், தொலைக்காட்சி தெரிவதும், கைப்பேசி ஒலிப்பதும், கடலிலே கப்பல் வழியறிவதும் கண்ணுக்குத் தெரியாத அலைகளால். அந்த அலை ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அடையாளம். அலைகளை முதன்முதலில் ஆய்வுக்கூடத்திலே உண்டாக்கிக் காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் பெயராலேயே அதனை அளக்கிறோம். நொடிக்கு 10 லட்சம் அதிர்வு என்றால் 1 மெகாஹெர்ட்ஸ். இந்த அலைவரிசைகள் அனைத்தையும் சேர்த்து அலைக்கற்றை என்கிறோம்.

நிலத்திலே நன்செய் உண்டு, புன்செய் உண்டு. அலைக்கற்றையிலும் அப்படியே. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் நெடுந்தொலைவு செல்லும். சுவரைத் துளைத்து வீட்டுக்குள் நுழையும். ஒரு கோபுரம் நட்டால் பல ஊர்களுக்குப் போதும். உயர்ந்த அலைகளோ மிகுதியான செய்தியைச் சுமக்கும்; ஆனால் தெருமுனை தாண்டக் களைத்துவிடும்; மரம் மறித்தாலும் மயங்கும். ஆகவே நகரத்து நெரிசலுக்கு உயர்ந்த அலை. நாட்டுப்புறத்துக்குத் தாழ்ந்த அலை. நாட்டுப்புறத்தானுக்கு நன்செய் எது என்று இப்போது தெரிகிறதல்லவா? நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அலைகளுக்கு உலகம் ஒழுங்கு தேடத் தொடங்கியது பெருந்துயரத்தின் பின்னே. 1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கிற்று. அதே ஆண்டிலே அமெரிக்கா, உரிமம் பெறாமல் எவரும் வானொலி அலை பரப்பக்கூடாது என்று சட்டம் செய்தது. 'இந்த அலை உனக்கு, அந்த அலை அவனுக்கு' என்ற பங்கீடு பிறந்தது. குழப்பம் குறைந்தது. ஆனால் வேலி கட்டினால் குழப்பம் தீரும், விளைச்சல் பெருகுமா? அதுதான் இன்றைய கேள்வி.

இந்த வெளி யாருடையது? நம் நாட்டில் இதற்கு விடை எழுதப்பட்டுவிட்டது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்புவது பற்றி எழுந்த வழக்கொன்றிலே, 1995 பிப்ரவரி 9 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: வானலைகள் பொதுச்சொத்து, பொதுமக்கள் நலனுக்காகவே அவை பயன்பட வேண்டும். அரசுக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. வணிகருக்குச் சொந்தம் என்றும் சொல்லவில்லை. மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் அதிலே பங்கு உண்டு. மாளிகையில் வாழ்பவனுக்கும் அதே பங்குதான்!

பொதுச்சொத்து என்றவுடன் நமக்கு ஏரி நினைவு வரும். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. நீர்க்கட்டி மடையைத் திறப்பார். மேல்மடைக்காரன் முறை முடிந்ததும் கீழ்மடைக்காரன் முறை. ஒரே வாய்க்கால், பல வயல். கைப்பேசிக் கோபுரமும் இன்று அதைத்தான் செய்கிறது. ஒரே அலைவரிசையை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்காக நறுக்கி, ஆளுக்கு ஒரு முறை தருகிறது. நீங்கள் இடைவிடாது பேசுவதாக நினைக்கிறீர்கள். உண்மையில் முறை வைத்துப் பேசுகிறீர்கள்!

ஆனால், ஏரிக்கும் அலைக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. இந்தப் பேச்சிலே ஒன்றே ஒன்றை நினைவில் கொள்வதானால் இதைக் கொள்ளுங்கள். ஏரியிலே இன்று பாய்ச்சாத தண்ணீர் நாளைக்கு உதவும். சுரங்கத்திலே இன்று வெட்டாத நிலக்கரி பேரனுக்கு உதவும். அலைக்கற்றை அப்படியல்ல. எத்தனை பேர் பயன்படுத்தினாலும் தேயாது. ஒருநாள் பயன்படுத்தாவிட்டால் அந்த நாள் திரும்பாது. புறப்பட்டுப் போன பேருந்தின் காலி இருக்கை அது! நேற்றைய காலி இருக்கையை இன்று விற்க முடியுமா?

ஆகவே, அலையைப் பூட்டி வைத்துக் காப்பாற்றினேன் என்று எவரேனும் சொன்னால் அது காவல் ஆகாது, வீணடிப்பு. பூட்டியவன் வணிகனாயினும் சரி, அரசாயினும் சரி.

அரசு பூட்டுமா என்று கேட்பீர்கள். கேளுங்கள் கதையை.

2008ஆம் ஆண்டு, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையிலே கைப்பேசி உரிமங்கள் தரப்பட்டன. 2012 பிப்ரவரி 2 அன்று உச்சநீதிமன்றம் அவற்றில் 122 உரிமங்களை ரத்து செய்தது. அதையொட்டிய குற்றவழக்கிலே, 2017 டிசம்பர் 21 அன்று தனி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. வழக்கின் பழங்கதையை நான் கிளற வரவில்லை. அந்த ஆண்டுகளிலே நாடு முழுதும் எழுந்த கேள்விகள் இரண்டு: யாருக்குக் கொடுத்தாய்? என்ன விலைக்குக் கொடுத்தாய்? இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகளே. ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது: வாங்கியவன் பயிரிட்டானா? விற்காமல் வைத்திருப்பவன் என்ன செய்கிறான்?

2016 அக்டோபரிலே ஏலம் நடந்தது. நாட்டுப்புறத்தின் நன்செய் என்றேனே, அந்த 700 மெகாஹெர்ட்ஸ் முதன்முறையாக ஏலத்துக்கு வந்தது. நாடு முழுமைக்கும் 1 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்த அடிப்படை விலை 11,485 கோடி ரூபாய்! ஏலம் கேட்க ஒருவரும் வரவில்லை. 2021 மார்ச்சிலே விலையை 6,568 கோடியாகக் குறைத்து மீண்டும் கூவினார்கள். அப்போதும் கை தூக்குவார் இல்லை. 2022 ஆகஸ்டிலே முடிந்த ஏலத்தில் அடிப்படை விலை 3,927 கோடியாயிற்று; அப்போதுதான் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது.

2016 எங்கே, 2022 எங்கே! ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அந்த நன்செய் ஏலத்தில் விலைபோகாமலே கிடந்தது. கருவூலத்துக்குக் காசும் வரவில்லை. குடிசைக்கு அலையும் வரவில்லை. பயிரிட்டிருந்தால் தேய்ந்திருக்குமா? தேயாது. சேமித்ததால் பெருகிற்றா? பெருகவில்லை.

அந்த ஆறு ஆண்டுகளுக்கு நடுவிலே வந்தது 2020. கொரோனாக் கொள்ளை நோய். பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் கைப்பேசிக்குள் போயிற்று. நாட்டின் பல மூலைகளிலே பிள்ளைகள் மரத்தின்மேல் ஏறினார்கள். பாறை உச்சிக்குப் போனார்கள். மொட்டைமாடியில் வெயிலிலே காய்ந்தார்கள். எதற்கு? கைப்பேசியின் மூலையிலே இரண்டு கோடு தெரிவதற்கு! படிப்பதற்காக மரம் ஏறிய தலைமுறையைப் பார்த்தோம் தோழர்களே!

700 மெகாஹெர்ட்ஸ் விற்காததுதான் அத்தனைக்கும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், கண்ணாடி இழைக் கம்பி வேண்டும், பிள்ளை கையிலே கைப்பேசி வேண்டும். ஆனால் பிள்ளை மரத்தின் உச்சியிலே ஏறி நின்றபோது, அவன் தலைக்கு மேலே நெடுந்தொலைவு செல்லவல்ல அலைவெளி பேரம் படியாமல் கிடந்தது என்பது உண்மை. அந்த உண்மை என் நெஞ்சைச் சுடுகிறது.

இங்கே மாற்றார் ஒரு கேள்வி எழுப்புவர்: "விலையைக் குறைத்தால் பொதுச்சொத்தைக் கொள்ளை கொடுத்தான் என்பீர், கூட்டினால் பூட்டி வைத்தான் என்பீர். என்னதான் செய்வது?" நேர்மையான கேள்வி. நேர்மையாக விடை சொல்லவேண்டும்.

விலை ஒரு கண். கடமை மறு கண். 2010ஆம் ஆண்டு ஜெர்மனி செய்ததைப் பாருங்கள். தொலைக்காட்சியிடமிருந்து மீட்ட 800 மெகாஹெர்ட்ஸ் அலைகளை ஏலம் விட்டது, பணமும் வாங்கியது, கூடவே ஒரு கட்டளையும் போட்டது. முதற்படி, அதிவேக இணைப்பு எட்டாத, 5,000 பேருக்கும் குறைவானோர் வாழும் சிற்றூர்கள். அங்கே சேவை தந்த பிறகே அடுத்த படி. 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் கடைசிப் படி! இலாபம் கொழிக்கும் நகரத்துக்குள் நுழையும் வாயிலைச் சிற்றூரின் வழியாக அமைத்தார்கள். பந்தியிலே கடைசி இலைக்கு முதலில் பரிமாறு, பிறகு தலைவாழைக்கு வா என்றார்கள். இதற்கு அறிவியல் புதிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. அரசுக்கு நெஞ்சுரம் தேவைப்பட்டது.

"தொலைக்காட்சியிடமிருந்து மீட்டது" என்றேனே, அது எப்படி என்று கேட்பீர்கள். அங்கேதான் அறிவியல் வருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக் கூரையிலே ஆன்டெனா நின்றது. அண்ணன் கூரைமேல் ஏறித் திருப்புவார், "தெரியுதா?" என்று கத்துவார், கீழே நான் "புள்ளி புள்ளியாத் தெரியுது" என்பேன். அந்தப் பழைய முறையிலே ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலப் பாதை வேண்டும்; அந்தப் பாதையிலே ஒரே ஒரு நிகழ்ச்சிதான் போகும். டிஜிட்டல் முறை வந்தது. அதே பாதையிலே பல நிகழ்ச்சிகள் போயின. மாயம் அல்ல. நாடகத்திலே அரண்மனைப் படுதாவை ஒவ்வொரு வசனத்துக்கும் அவிழ்த்து மறுபடி கட்டுவோமா? கட்டமாட்டோம்; நடிகன் மட்டும் அசைவான், படுதா அப்படியே நிற்கும். டிஜிட்டல் முறையும் அசையாத பகுதியைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. மாறுவதை மட்டும் அனுப்புகிறது. மிச்சமான பாதை வேறு பயனுக்குக் கிடைத்தது.

இரண்டாவது உபாயம் கைப்பேசிக்கே உயிர்நாடி. 1947ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே எழுதி வைத்தார்கள்: ஒரே உயர்ந்த கோபுரம் வைத்து ஊரெல்லாம் முழங்காதே, நிலத்தைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரி, வட்டாரத்துக்கு ஒரு சிறு கோபுரம் வை, அதன் குரல் அடுத்த தெருவோடு அடங்கட்டும், அப்போது அதே அலைவரிசையைத் தள்ளியிருக்கும் வட்டாரத்திலே மீண்டும் பயன்படுத்தலாம். ஊருக்கு ஊர் முருகன் இருக்கிறான், தபால்காரர் தடுமாறுவதில்லை. ஒரே தெருவில் நான்கு முருகன் இருந்தால்தான் தலைவலி! மெல்லப் பேசினால் பலர் பேசலாம் என்பதே இதன் சாரம். 1979இல் டோக்கியோவிலே வணிகமுறையில் இது நடைமுறைக்கு வந்தது. இன்று உலகமே இதில்தான் பேசுகிறது.

மூன்றாவது, புறம்போக்கு. முகம் சுளிக்காதீர்கள்! ஊருக்கு மேய்ச்சல் புறம்போக்கு இல்லாவிட்டால் ஏழையின் ஆடு எங்கே மேயும்? அலைவெளியிலும் புறம்போக்கு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அருகே உள்ள அலைகளிலேதான் மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்கிறது. இரைச்சல் மிகுந்த இடம். செய்தித் தொடர்புக்கு ஆகாதென்று பெரியவர்கள் ஒதுக்கி வைத்த இடம். 1985இல் அமெரிக்க ஆணையம், "குறைந்த வலிமையிலே, பிறருக்கு இடையூறின்றி, உரிமம் இல்லாமலே யாரும் பயன்படுத்துங்கள்" என்று இதுபோன்ற சில அலைவரிசைகளைத் திறந்துவிட்டது. அந்தப் புறம்போக்கிலே முளைத்ததுதான் 1997இல் தரம் வகுக்கப்பட்ட வைஃபை! நம் நாட்டிலும் 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் திறக்கப்பட்டது. தேநீர்க் கடையிலும், நூலகத்திலும், தொடர்வண்டி நிலையத்திலும் நாம் தொடும் வைஃபைக்கு எவரும் ஏலத்தொகை கட்டவில்லை. ஏலத்தில் விற்றால்தான் மதிப்பு என்பவர்களுக்கு வைஃபை விடை சொல்லும்.

நான்காவது, தேரோடும் வீதி. தேரோட்டம் ஆண்டுக்கு ஒருநாள். அதற்காக ஆண்டெல்லாம் வீதியை மூடிவைப்போமா? மற்ற நாளிலே சந்தை கூடும், பிள்ளைகள் விளையாடுவர், தேர் வரும்போது எல்லாரும் ஒதுங்குவர். அமெரிக்கக் கடற்படையின் ரேடார் 3.5 கிகாஹெர்ட்ஸ் அருகே சில அலைகளை வைத்திருந்தது. கப்பல் கரையோரம் வரும்போதுதான் அவற்றுக்கு வேலை. 2015இல் விதி வகுத்தார்கள்: கரையிலே உணர்கருவிகள் காவல் இருக்கட்டும், ரேடார் ஒலித்தால் கணினி உடனே மற்றவர்களை வேறு பாதைக்கு விலக்கட்டும், மற்ற நேரத்திலே மக்கள் பயன்படுத்தட்டும். 2020இல் அது முழு வணிக நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பாதுகாப்பும் குறையவில்லை, வீதியும் வெறிச்சோடவில்லை.

அறிவியல் வழி திறந்துவிட்டது. சட்டம்? நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். அலைக்கற்றையைப் பகிரலாம், கைமாற்றலாம், குத்தகைக்கு விடலாம் என்கிறது. போதிய காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், விளக்கம் கேட்டு, ஒதுக்கீட்டை முடித்துவிடும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்கிறது. நல்ல சொற்கள்! வரவேற்கிறேன். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பாட்டி சொன்னது. உழாத நிலத்தைத் திருப்பி எடுக்கவேண்டுமானால், எது உழாத நிலம் என்று ஊருக்குத் தெரியவேண்டாமா?

எனவே நாம் கேட்க வேண்டியவை நான்கு.

அலைக்கற்றைக்கு ஊரறிந்த அடங்கல் வேண்டும். எந்த அலை, எந்த மாவட்டத்தில், யார் கையில், எப்போதிலிருந்து, என்ன பயிர்? நிலத்துக்கு ஆண்டுதோறும் பயிர்க்கணக்கு எழுதும்போது அலைக்கு எழுத முடியாதா? பாதுகாப்புக்குரிய மறைவு தவிர மற்றவை வெளிச்சத்துக்கு வரட்டும்.

பயிரிடாதவன் திருப்பித் தரவேண்டும். தனியார் மட்டுமல்ல, ஒரு காலத்தில் வாங்கிய அலையை மறந்துபோன அரசுத் துறையும்தான்.

தாழ்ந்த அலையை வாங்குபவன் சிற்றூரில் தொடங்கவேண்டும். விலையிலே சலுகை கேட்டால், அந்தச் சலுகை மலையூருக்கும் மீனவர் குப்பத்துக்கும் கோபுரமாகத் திரும்பி வரவேண்டும்.

புறம்போக்கு புறம்போக்காகவே நிற்கவேண்டும். பணம் வருகிறதே என்று பொது மேய்ச்சலைக் கூறு போட்டு விற்றால், நாளைய வைஃபை முளைக்க இடம் இருக்காது.

தோழர்களே! 'இது பொறியாளர் வேலை, நமக்கென்ன?' என்று ஒதுங்கிவிடாதீர்கள். நிலவரி பற்றிப் பேச உழவன் சட்டக்கல்லூரிக்குப் போனானா? நாலாயிரம் கோடி, பதினோராயிரம் கோடி என்று எண்களை அடுக்கி நம்மை மிரள வைப்பார்கள். மிரளாதீர்கள். எல்லா எண்ணுக்கும் பின்னே ஒரே கேள்விதான்: மரத்தில் ஏறிய பிள்ளை இறங்கினானா? நம் வட்டாரத்திலே எந்த ஊரிலே கைப்பேசி ஊமையாகிறது என்று குறித்து வையுங்கள். கிளைக்கூட்டத்திலே பேசுங்கள். மன்றத்தில் அமர்ந்திருக்கும் நம்மவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

அன்று அந்தத் திடலிலே கல்யாணத்துக்கும் இடம் இருந்தது, போருக்கும் இடம் இருந்தது. தேவைப்பட்டது இடம் அறிந்து குமிழைத் திருகும் ஒரு கை. நாட்டிலே அந்தக் குமிழ் ஆட்சியின் கையில் இருக்கிறது. அந்தக் கையைத் தட்டி எழுப்பும் குரல் உங்களிடம் இருக்கிறது.

மேடையிலே பேச்சை முடித்து இறங்கினேன். முன்வரிசைப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊரிலே பேசணும்னா ஏரிக்கரைக்கு நடக்கணும் தம்பி. இவ்வளவு நாளா எங்க ஊர் விதின்னு நினைச்சிருந்தேன்" என்றார்.

விதி அல்ல ஐயா. அது வகுத்தவர் விதி. மாற்றி வகுக்கலாம்!